பலகையில் ஞாயிறு மாலை ஆறு மணி

இந்தப் பயணத்தைப் பற்றி ஏற்கெனவே ஒரு கட்டுரை எழுதி, அது அச்சிலும் வந்துவிட்டது. எங்கள் மாலுமிகள் இல்லத்தின் மாத இதழில் இரண்டு பக்கம். பழவேற்காட்டு இறால் வறுவல், மணல்திட்டில் சிக்கிய படகு, பொன்னேரி லாட்ஜில் என் ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாய் எல்லாம் அதில் உண்டு. படித்தவர்கள், "அண்ணாச்சி, நல்லாச் சிரிச்சோம்" என்று முதுகில் தட்டினார்கள். அந்தக் கட்டுரையில் ஒரு கப்பல் சமையல்காரரும் அவருடைய அக்காவும் வந்திருக்க வேண்டும். மானக்கேடாக இருந்ததால் இரண்டு பேரையும் விட்டுவிட்டு எழுதினேன். இப்போது அவர்களைச் சேர்த்து எழுதுகிறேன். நாயை விட்டுவிடலாம்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ஏறி மாலுமிகளைப் பார்த்துப் பேசுவது. பழைய செய்தித்தாள், கம்பளிக் குல்லா, வெளிநாட்டுக்குப் பேசுகிற போன் கார்டு எல்லாம் பையில் இருக்கும். பல்வலிக்காரரை டாக்டரிடம் கூட்டிப்போவேன். யாராவது கேட்டால் உட்கார்ந்து ஜெபம் பண்ணுவேன். கேட்காதவரிடம் ஒரே கேள்விதான்: "வீட்டுக்கு எப்போ பேசினீங்க?" எப்பேர்ப்பட்ட முரட்டு ஆளும் அந்தக் கேள்விக்கு உட்கார்ந்துவிடுவான். இருபது வருஷமாக இதைச் செய்கிறேன். அந்த இருபது வருஷம்தான் என்னைக் கெடுத்தது.

சுனாமி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சென்னைக்கு வடக்கே புதிதாக வந்த துறைமுகத்தில் இதே வேலை பார்த்த நண்பருக்குக் கால் முறிந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு அவர் இடத்தில் நான் போக வேண்டியதாயிற்று. "ஒரு வாரம் ஃபாரின் போறேன்" என்று வீட்டில் சொன்னேன். எனக்கு மதுரை தாண்டினாலே ஃபாரின்தான். "அங்கயாவது வாயைக் கட்டுங்க. போற இடமெல்லாம் திங்கிறதுக்கே போற மாதிரி" என்றாள் என் மனைவி. அவள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பொன்னேரியில் இறங்கி ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். பக்கத்து ஓட்டலில் இட்லிக்கு வடகறி என்று ஒன்றை ஊற்றினார்கள். எங்கள் ஊரில் மிஞ்சின வடையை மாட்டுக்குப் போடுவோம், இவர்கள் அதைக் குழம்பாக்கி இலையில் விடுகிறார்கள் என்று முதலில் முகம் சுளித்தேன். இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். மூன்றாவது தடவை கேட்டபோது பரிமாறியவர், "இன்னா சார், நாஷ்டாவா கல்யாணமா?" என்றார்.

ரயிலில் அத்திப்பட்டுப் புதுநகர் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் துறைமுகம். ஓட்டுநர் தன் சீட்டில் பாதியை எனக்குக் கொடுத்தார், மீதிப் பாதியில் இன்னொருவர் தொங்கினார். சாலையெல்லாம் லாரி, லாரியெல்லாம் புழுதி. எங்கள் ஊரில் உப்பளக் காற்று முகத்தில் ஒட்டும். இங்கே கரித்தூள் ஒட்டுகிறது.

கேட்டில் ஏகாம்பரம் என்கிற காவலாளி இருந்தார். ஐம்பது வயதிருக்கும், மீசையை மட்டும் கறுப்பாக வைத்திருந்தார். "கால் ஒடிஞ்ச சாருக்கு பதிலு நீயா சார்? சின்ன பேஜாரு புடிச்ச வேலை இல்ல இது, நல்ல ஷூ போட்டுக்கோ" என்று என் பெயரையும் கைபேசி எண்ணையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

தளத்தில் நின்ற நிலக்கரிக் கப்பலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு லாரியைக் காணோம். ஒரு கூலியாளைக் காணோம். எங்கள் பழைய தளத்தில் ஒரு கரிக் கப்பல் நின்றால் அங்கே திருவிழாதான். வரிசையாக லாரி, கத்துகிற மேஸ்திரி, டீக்கார அம்மா. மழை வந்தால் நிறுத்துவார்கள், லாரி வராவிட்டால் நிறுத்துவார்கள், ஒன்றுமே இல்லாவிட்டாலும் நிறுத்துவார்கள். ஐந்து நாள், ஆறு நாள் கப்பல் அசையாது. இங்கே உயரமாக ஒரு இயந்திரம் மட்டும் தலையை உள்ளே விட்டு நின்றது, மூடிய பாதை ஒன்று அதிலிருந்து நீளமாகப் போனது. இன்னும் வேலையே ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த மூடிய பாதைக்குள்ளே கரி ஆறாக ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. யாரையாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

கப்பல் ஏணியில் ஏறியதும் ஒரு கரும்பலகை மாட்டியிருப்பார்கள். எல்லாக் கப்பலிலும் உண்டு. புறப்படும் நாளும் நேரமும் சாக்பீஸில் எழுதியிருக்கும். ஞாயிறு மாலை ஆறு மணி என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் ஊரில் அந்தப் பலகையை நம்புகிற கப்பல் ஊழியன் ஒருவன்கூடக் கிடையாது. இன்றைக்கு எழுதுவார்கள், நாளைக்கு அழிப்பார்கள், மறுநாள் மறுபடி எழுதுவார்கள். இது எங்கள் தொழிலின் பழக்கம். படித்தேன், வழக்கம்போலக் கடந்து போனேன்.

சமையலறையில்தான் யோகராசாவைப் பார்த்தேன். கப்பலின் சமையல்காரர். முப்பத்து மூன்று வயது, யாழ்ப்பாணத்துக்காரர். நான் தூத்துக்குடி என்று சொன்ன மாத்திரத்தில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணை, தமிழிலயே கதைக்கலாமோ? இந்தக் கப்பலில ஏறி எட்டு மாசம், ஒருத்தரோடயும் தமிழ் கதைக்கேல்ல. முதல்ல சாப்பிடுங்கோ."

மாலுமிகளுக்கு வைத்த கோழியை ஒதுக்கிவிட்டு, தனக்கென்று வைத்திருந்த சோற்றையும் சொதியையும் எனக்குப் போட்டார். சொதி எங்களுக்கும் உண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைப்பது, தேங்காய்ப்பாலில் காய்கறியும் பாசிப்பருப்புமாகக் கெட்டியாக இருக்கும். இது வேறு. தண்ணீராக ஓடியது. பச்சை மிளகாய், வெந்தயம், கடைசியில் எலுமிச்சை. பூண்டு இல்லை. உப்பு ஒரு கல் தூக்கலாக இருந்தது, அதுதான் ருசியே. நான் இரண்டு தடவை வாங்கினேன். சாப்பிட்டுக்கொண்டேதான் என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"வீட்டுக்கு எப்போ பேசினீங்க?"

அவருக்கு வீடு என்று மிச்சமிருந்தது ஓர் அக்கா மட்டும். பெயர் பரமேஸ்வரி. தாய் தகப்பன் போனபின் வளர்த்தது அவர்தான். தொண்ணூறில் அக்கா புருஷனோடு படகேறி ராமேசுவரம் வந்துவிட்டார். படகில் இடம் இல்லாமல் பதினேழு வயதுத் தம்பி கரையில் நின்றார். அடுத்த படகுக்கு வருவதாகப் பேச்சு. அடுத்த படகு போகவே இல்லை. பிறகு கொழும்பு, பிறகு கப்பல். அக்கா இப்போது கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் இருக்கிறார். முகாமுக்குப் பக்கத்தில் ஒரு டெலிபோன் பூத் இருந்தவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேசுவாராம். பூத்தை மூடிவிட்டார்கள், எண் செத்துவிட்டது.

"ஒன்பது வருசம் கப்பலில ஓடுறன் அண்ணை. இந்தக் கரைக்கு வந்தது இதுதான் முதல். எங்கட பாஸ்போட்டுக்கு வெளிய இறங்க விடமாட்டினமாம். ஆனா கேட்டுக்கு உள்பக்கம் நிக்கலாம் எண்டு சொல்லிப்போட்டினம். அக்காவைக் கேட்டடிக்குக் கூட்டிக்கொண்டு வருவீங்களோ? கம்பிக்கு அங்கால நிண்டாலும் காணும், எனக்கு அது போதும். பதினாறு வருசம்."

கும்மிடிப்பூண்டி அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். "இதென்ன பெரிய காரியம், நாளைக்கே போறேன்" என்றேன்.

"ஞாயிறு பின்னேரம் வெளிக்கிடுவம் எண்டு சீஃப் ஆபீசர் சொல்லுறார். அதுக்கு முதல்..."

நான் சிரித்தேன். இப்போதும் அந்தச் சிரிப்பு என் காதில் கேட்கிறது. "ஏய்யா, கரிக் கப்பல் ரெண்டு நாள்ல கிளம்பி நான் பார்த்ததே இல்ல. அவங்க அப்படித்தான் எழுதிப் போடுவாங்க. புதன்கிழமை வரைக்கும் எங்கேயும் போகமாட்டீங்க. நான் சொல்றேன், எழுதி வச்சுக்கோங்க."

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. இருபது வருஷ அனுபவக்காரன் சொல்கிறானே என்று நம்பினார். அக்காவுக்கு வாங்கி வைத்திருந்த சேலையைக் காட்டினார், சிங்கப்பூரில் வாங்கியது. கொடுங்கள், கொண்டுபோகிறேன் என்றேன். "இல்லை அண்ணை, இதை நான் என்ர கையால குடுக்கவேணும்" என்று திரும்ப மடித்து வைத்தார். முகாமில் எத்தனையாவது வரிசை, எத்தனையாவது வீடு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஒழுங்காகத்தான் கிளம்பினேன். மறுபடியும் வடகறி. அதற்கு இன்னொரு தோசை. ஸ்டேஷன் படிக்கட்டில் நான் ஏறும்போது கும்மிடிப்பூண்டி ரயிலின் கடைசிப் பெட்டி கண்ணெதிரே போனது. அடுத்த ரயிலுக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். வெளியே வந்தால், பழவேற்காடு என்று பலகை மாட்டிய பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. கடல்காரனுக்கு ஏரியைப் பார்க்க ஆசை. மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம், புதன்கிழமை வரை நாள் கிடக்கிறது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

பழவேற்காட்டில் வலைக்கயிறு விற்கிற ஜமால் பாயின் கடை வாசலில் தண்ணீர் கேட்டேன். தூத்துக்குடி என்றதும் அவர், "அப்ப நீங்க நம்ம ஆளு, கடல்காரரு. ஊட்டாண்ட வந்து சாப்ட்டுதான் போவணும்" என்று கையைப் பிடித்துவிட்டார். அவர் வீட்டு இறால் வறுவலைப் பற்றி முன் கட்டுரையில் ஒரு பத்தி முழுக்க எழுதிவிட்டேன். அந்தச் சாப்பாட்டின்போது நடந்த பேச்சைத்தான் எழுதவில்லை.

என்ன வேலையாக வந்தீர்கள் என்று பாய் கேட்டார். யோகராசாவின் கதையைச் சொன்னேன். கதை சொல்வதில் எனக்கு ஒரு பெருமை வேறு. கேட்டுக்கொண்டிருந்தவர் பரிமாறுவதை நிறுத்திவிட்டார்.

"அந்த அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல பாய், இனிமேத்தான்."

"இன்னா அண்ணே நீங்க! மொதல்ல அங்க போய்ட்டு அப்பால இங்க வந்துருக்கலாமே. ஏரி எங்க போய்டப்போவுது?"

"கப்பலும் எங்கேயும் போகாது பாய்" என்று சொல்லி, இன்னும் நாலு இறாலை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அங்கிருந்தாவது கிளம்பியிருக்கலாம். ஒல்லாந்துக்காரர் கல்லறையைப் பார்த்தேன். பிறகு படகு. ஏரியில் முழங்கால் ஆழம்கூட இல்லாத இடத்தில் படகு மணலில் உட்கார்ந்துவிட்டது. படகோட்டி இறங்கித் தள்ளினார், நான் இறங்கித் தள்ளினேன், தண்ணீர் ஏறட்டும் என்று இரண்டு மணி நேரம் நாரைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். கைபேசியில் சிக்னல் இல்லை. பொன்னேரி திரும்பும்போது இருட்டிவிட்டது. பஸ்ஸில் கைபேசி உயிர் பெற்று, ஏதோ ஒரு சென்னை எண்ணிலிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்ததாகக் காட்டியது. லாட்ஜ்காரராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். லாட்ஜ்காரரிடமும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்குப் போனேன். கோயிலில் அணைத்த கைபேசியைத் திரும்பப் போட மறந்துபோனேன். கும்மிடிப்பூண்டி ரயிலில் எதிரே இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்குப் புரியாததைப் பக்கத்து ஆள் தமிழில் சொன்னார். ஒருத்தி மற்றவளிடம், "உன் தம்பி கல்யாணத்துக்கு எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும், கடைசி நிமிஷம் சொன்னா யாரு வர்றது?" என்று சண்டை பிடித்தாளாம். கவரைப்பேட்டை தாண்டும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகளின் புகை வானத்தில் பழுப்பாக நின்றது. ஷிப்டு முடிந்து வந்தவர்கள் கண் மட்டும் வெள்ளையாகத் தெரிய டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. வரிசை வரிசையாகச் சின்ன வீடுகள், தகரமும் ஓலையும் கலந்த கூரைகள். தாளைக் காட்டியதும் வழி சொன்னார்கள்.

பரமேஸ்வரி அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் பெயின்ட் வேலைக்கு நெல்லூர் பக்கம் போயிருந்தார். பாலிடெக்னிக் படிக்கும் மகள் சாந்தி மட்டும் வீட்டில் இருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ர தம்பியோ? இஞ்சயோ? எப்பிடி இருக்கிறான்? தலை நரைச்சிட்டுதோ?"

எனக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. நரை இருந்ததா? "நல்லா இருக்காரும்மா" என்றேன்.

"நெத்தியில, இடப்பக்கம், ஒரு தழும்பு. மா மரத்தால விழுந்தவன். கண்டனீங்களோ?"

கப்பலில் அரை மணி நேரம் தம்பியின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் நான். பார்த்ததெல்லாம் தட்டை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருந்துச்சும்மா, பார்த்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா உடனே செருப்பைத் தேடினார். "இப்பவே வெளிக்கிடட்டோ? இந்தச் சீலையோடயே வாறன்."

முகாமை விட்டு வெளியே போனால் அலுவலரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார். "பேச்சு விழுந்தா விழட்டும், நான் சமாளிக்கிறன்" என்றார் அந்த அம்மா. நான்தான் தடுத்தேன். பெரிய மனுஷத்தனமாகக் கையை ஆட்டித் தடுத்தேன்.

"பதறாதீங்கம்மா. புதன்கிழமை வரை கப்பல் இருக்கும். நாளைக்கு முறையாச் சொல்லிட்டு நிதானமாப் போவோம். தம்பிக்குப் பிடிச்சதா ஏதாவது செஞ்சு எடுத்துக்கிட்டு வாங்களேன்."

"அம்மா, இன்னிக்கே போம்மா" என்றாள் சாந்தி. தாய் பேசுவது ஒரு தமிழ், மகள் பேசியது கும்மிடிப்பூண்டித் தமிழ். "அங்கிள், மாமா இன்னா தேதின்னு ஒண்ணும் சொல்லலியா?"

சொன்னார். ஞாயிறு பின்னேரம் என்று சொன்னார். "அதெல்லாம் கப்பல்காரங்க சும்மா எழுதிப் போடுறது பாப்பா. எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அப்போது மணி ஒன்று. அந்த நிமிஷமே கிளம்பியிருந்தால் மூன்று மணிக்குக் கேட்டில் இருந்திருப்போம். நான் அங்கே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தேன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார்கள், அதையும் சாப்பிட்டேன். சாயங்காலம் லாட்ஜுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை நான் முகாமுக்குப் போனபோது பரமேஸ்வரி அம்மா குளித்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டி, ஒரு தூக்குவாளியும் வாழையிலைப் பொட்டலமுமாகத் தயாராக நின்றார். நாலு மணிக்கு எழுந்து தேங்காய் துருவிப் பிழிந்தாராம். அலுவலர் வந்து கையெழுத்துப் போடப் பத்தரை ஆயிற்று. ரயிலில் தூக்குவாளியை மடியைவிட்டு இறக்கவே இல்லை. வழியெல்லாம் தம்பியின் கதைதான். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அடுப்படியில் நின்று தான் சமைப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பானாம். "குசினிக்குள்ள உனக்கென்னடா வேலை எண்டு அம்மா ஏசுவா. இப்ப பாருங்கோ, அதுதான் அவனுக்குச் சோறு போடுது."

கேட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. ஏகாம்பரம் என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இன்னா சார், இப்ப வந்து நிக்கிற? கப்பல் நேத்தே போய்ட்ச்சே!"

அப்போதும் என் வாய் சும்மா இருந்ததா? பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்து, "திடீர்னு முன்கூட்டியே கிளப்பிட்டாங்க போலம்மா" என்றேன்.

"முன்கூட்டியா? யாரு சொன்னா?" என்றார் ஏகாம்பரம். பாவம், அவருக்கு என்ன தெரியும். "வெள்ளிக்கிழமையே போட்ட டைம்தான் சார். ஞாயித்துக்கெழமை சாய்ங்காலம் ஆறு. கரெக்டா ஆறுக்குக் கயிறு அவுத்தாங்க. இங்க இன்னா லாரியா கூலியா, மெஷினு ரெண்டு நாள்ல வாரிப் போட்ருது. அந்த சிலோன் குக்கு இந்த ரூம்லேர்ந்துதான் உனுக்கு போன் போட்டுகினே இருந்தாரு. சனிக்கெழமை ரெண்டு தபா. நேத்து மூணு தபா. ஸ்விச்சாப்னு வந்துச்சி."

பரமேஸ்வரி அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைப் புரிந்துகொண்டார், அவ்வளவுதான். பிறகு ஏகாம்பரத்திடம்தான் பேசினார்.

"எத்தினை மணிக்கு வந்து நிண்டவன் ஐயா?"

"ரெண்டு மணிக்கு வந்தாரும்மா. அஞ்சு மணிக்கு மேலதான் கூப்ட்டாங்கன்னு போனாரு. குந்துப்பான்னா குந்தமாட்டேன்னுட்டாரு. ரோட்டையே பாத்துகினு நின்னாரு."

"சாப்பிட்டவனோ?"

"தெர்லம்மா. டீ வாங்கிக் குட்த்தேன். குட்ச்சாரு."

"எந்த இடத்தில நிண்டவன்?"

ஏகாம்பரம் கேட்டுக்கு உள்ளே, கம்பிக்கு அருகில் ஓர் இடத்தைக் காட்டினார். காட்டியவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சின்னக் கதவைத் திறந்து, "ரெண்டு நிமிசம் வந்து நின்னுக்கோம்மா. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார். அந்த அம்மா உள்ளே போய், தம்பி நின்ற இடத்தில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

அறைக்குள்ளிருந்து ஏகாம்பரம் ஒரு பையை எடுத்து வந்தார். "அக்கா வந்தா குடுக்கச் சொல்லி வச்சிட்டுப் போனாரு." சிங்கப்பூர் சேலை. தன் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று மடித்து வைத்த அதே சேலை. கப்பல் அங்கிருந்து தென்னாப்பிரிக்கா போகிறது. அது மறுபடி இந்தக் கரைக்கு வருமா என்று அந்த அம்மா என்னிடம் கேட்கவில்லை. என் வாய்ப் பேச்சை நம்பி எதையும் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை பெஞ்சு. உட்கார்ந்தோம். மன்னித்துவிடுங்கள் என்று எப்படி ஆரம்பிப்பது என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். அவர் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். இடியப்பம். தூக்குவாளியைத் திறந்து மணம் பார்த்தார்.

"தேங்காய்ப்பால். இன்னும் ஒரு மணித்தியாலம் போனாப் பழுதாப்போகும். சாப்பிடுங்கோ."

"வேண்டாம்மா. என்னால முடியாது."

"காலமையும் நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்ல. கொட்டவோ சொல்லுறியள்?"

சொதியை ஊற்றினார். ஒரு வாய் வைத்தேன். கை நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை கப்பலில் சாப்பிட்ட அதே சொதி. இம்மி மாறாமல் அதே சொதி.

"அம்மா, உங்க தம்பி எனக்கு இதைத்தான் வச்சாரு" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். கேட்டில்கூட வராத குரலில், "சொதியோ? அவன் வைச்சவனோ?" என்றார். "எப்பிடி இருந்தது? வெந்தயம் போட்டவனோ?"

"போட்டிருந்தாரும்மா."

"உள்ளி?"

"பூண்டு இல்ல."

"ஓம், அம்மா போடமாட்டா. புளி விட்டவனோ, தேசிக்காயோ?"

"எலுமிச்சைதான். கடைசியா விட்டாரு. உப்பு ஒரு கல் கூட இருந்துச்சு."

"அது அம்மாவின்ர கை" என்றார். சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். முகத்தைக் கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. சொதியைக் கேட்டால் ஒன்றுவிடாமல் சொல்கிறேன். நானெல்லாம் என்ன மனுஷன் என்று இருந்தது.

"தழும்பை நான் பார்க்கலம்மா. பொய் சொன்னேன். பலகையில ஞாயிறுன்னு எழுதியிருந்ததையும் நான் பார்த்தேன்."

"தெரியும். தழும்பு கேக்க நீங்கள் யோசிச்சுத்தானே சொன்னனீங்கள்" என்றார். வாளியில் மிச்சமிருந்ததையும் என் இலையில் கவிழ்த்தார்.

பதினாறு வருஷமாக அக்கா சமையலைத் தம்பி சாப்பிடவில்லை, தம்பி சமைப்பான் என்பதே அக்காவுக்குக் காதால் கேட்டதுதான். நாலு நாளில் இரண்டு பேர் கையாலும் வாங்கிச் சாப்பிட்டவன் நான் ஒருவன்தான். வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இலையில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.